குழந்தைக்கு ஒரு நுரையீரல்: சில வரலாற்றுக் குறிப்புகள்

"கிட்னி மாத்துறாங்க, ஈரல் மாத்துறாங்க. சின்னப் புள்ளைக்கு நுரையீரல் மாத்த முடியாதா?" என்று டவுன்ஷிப்பில் தெரிந்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார். முடியும். சென்னையிலேயே செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பதிலை முடித்துக்கொண்டால், அடுத்து அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கு இடமில்லாமல் போய்விடும். ஏன் இவ்வளவு அபூர்வமாக நடக்கிறது? பெரியவர்களுக்கு உலகம் முழுவதும் ஆண்டுக்கு நாலாயிரத்துக்கும் மேல் நடக்கிற அறுவை, குழந்தைகளுக்கு ஏன் நூற்றுச் சொச்சத்திலேயே நிற்கிறது?

நான் மருத்துவன் இல்லை. பழைய விஷயங்களைத் தேடிப் படித்து எழுதி வைக்கிற ஆள். படித்த வரைக்கும் எனக்குப் புரிந்தது இது: இந்தக் கதையில் மூன்று பூட்டுகள் இருந்தன. முதலாவது தையல். இரண்டாவது அளவு. மூன்றாவது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டில் போய்க் கேட்பது. முதல் பூட்டைத் திறக்க இருபது வருடம் ஆனது. இரண்டாவது பாதி திறந்திருக்கிறது. மூன்றாவது பூட்டின் சாவி சென்னையிலோ டொராண்டோவிலோ இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1963: முதல் முயற்சி

நெய்வேலிக்காரர்களுக்கு வருடங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வசதி உண்டு. 1956இல் கார்ப்பரேஷன், 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது, 1962இல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு. அந்த மின் நிலையம் சோவியத் உதவியோடு வந்தது என்பதும் இங்கே பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

நுரையீரல் மாற்றத்தின் முன்கதையும் சோவியத் நாட்டில்தான் தொடங்குகிறது. விளாதிமிர் தெமிகோவ் என்ற ஆராய்ச்சியாளர் 1940களின் பிற்பாதியிலேயே நாய்களுக்கு நுரையீரலையும், இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தும் மாற்றிப் பார்த்தார். அந்த நாய்கள் நீண்ட நாள் பிழைக்கவில்லை. ஆனாலும் எடுத்து வைத்த நுரையீரல் இன்னோர் உடம்பில் மூச்சு விடும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மனிதருக்கு முதன்முதலில் செய்தவர் ஜேம்ஸ் ஹார்டி. 1963 ஜூன் 11, அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம். நம்ம ஊரில் முதல் அலகு ஓட ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நோயாளிக்கு 58 வயது. கொலை வழக்கில் சிறையில் இருந்தவர். இடது நுரையீரலில் புற்று. சிறையில் இருப்பவரின் சம்மதம் எந்த அளவுக்குச் சுதந்திரமான சம்மதம் என்ற கேள்வி இன்றுவரை இருக்கிறது. 18ஆம் நாள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார். புது நுரையீரல் அதுவரை வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அதற்கடுத்த இருபது வருடத்தில் உலகம் முழுக்கச் சுமார் நாற்பது பேருக்குச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரே ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1968இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஃப்ரிட்ஸ் டெரோம் அறுவை செய்த 23 வயது இளைஞர். மணலைப் பீச்சித் தேய்க்கும் வேலை பார்த்து, அந்தத் தூசியாலேயே நுரையீரல் கெட்டுப்போனவர். பத்து மாதம் இருந்தார். அந்த இருபது வருடத்தில் அதுதான் அதிகபட்சம்.

தையல் ஏன் பிரிந்தது

இந்தத் தோல்விகளில் பலவற்றுக்கு ஒரே இடம்தான் காரணம்: மூச்சுக்குழாயைச் சேர்த்துத் தைத்த இடம். ஒன்றிரண்டு வாரத்தில் அது பிரிந்துவிடும்.

காரணம் இதுதான். நுரையீரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது. ஒன்று, பிராணவாயு ஏற்றுவதற்காக இதயத்திலிருந்து வரும் பெரிய குழாய். இன்னொன்று, மூச்சுக்குழாய்ச் சுவருக்குச் சோறு போடுவதற்காகப் பெருந்தமனியிலிருந்து பிரிந்து வரும் மெல்லிய குழாய்கள். மாற்று அறுவையில் முதலாவதைத்தான் இணைப்பார்கள். இரண்டாவது மிகச் சன்னம், இணைப்பது கஷ்டம். அதனால் வெட்டித் தைத்த மூச்சுக்குழாய் நுனிக்கு நேரடி ரத்தம் இல்லை. இது போதாதென்று, உடம்பு புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்க ஸ்டீராய்டை அளவுக்கு அதிகமாகக் கொடுப்பார்கள். ஸ்டீராய்டு புண்ணை ஆற விடாது. பட்டினி போட்ட இடத்தில் ஆறவும் விடாமல் செய்தால் தையல் எப்படி நிற்கும்?

டொராண்டோவில் ஜோயல் கூப்பரின் குழு 1978இல் செய்த அறுவையும் இந்த இடத்தில்தான் தோற்றது. உடனே அடுத்த நோயாளியைத் தேடாமல், அவர்கள் நாய்களிடம் திரும்பிப் போனார்கள். தையல் பிரிவதில் ஸ்டீராய்டுக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டினார்கள். வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையை ரத்தக் குழாயோடு மேலே இழுத்து வந்து தையலைச் சுற்றிப் போர்த்தினால், அங்கிருந்து ரத்தம் ஊறி வருகிறது என்றும் கண்டார்கள். பிற்காலத்தில் அந்தப் போர்வை தேவைப்படாமல் போனது. ஆனால் அந்த நாளில் நம்பிக்கை கொடுத்தது அதுதான்.

ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு மருந்து வேண்டும். அது மண்ணிலிருந்து வந்தது. சாண்டோஸ் என்ற சுவிஸ் மருந்து கம்பெனி, வெளியூர் போகும் ஊழியர்களிடம் அங்கங்கே மண் எடுத்து வரச் சொல்லும் வழக்கம் வைத்திருந்தது. நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியிலிருந்து வந்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சைதான் சைக்ளோஸ்போரின் மருந்தின் பிறப்பிடம். 1978இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். இன்று அதைவிட அதிகமாகப் பயன்படும் டாக்ரோலிமஸும் மண்ணிலிருந்து வந்ததுதான். அது ஜப்பானின் சுகுபா மண். தரையைத் தோண்டிப் பிழைக்கிற ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

1981 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்டில் புரூஸ் ரைட்ஸ் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றிய 45 வயதுப் பெண் ஐந்து வருடம் இருந்தார். 1983 நவம்பர் 7 அன்று கூப்பர் ஒற்றை நுரையீரல் மாற்றிய 58 வயதுக்காரர் வேலைக்கே திரும்பிப் போனார். ஆறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். முதல் பூட்டு திறந்துவிட்டது.

சின்ன நெஞ்சு

இதுவரை சொன்னதெல்லாம் பெரியவர்கள் கதை. குழந்தைகள் இதில் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை.

1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றத்தைச் செய்தார். மூன்றே நாளில், நியூயார்க்கின் புரூக்ளினில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் மூன்று வாரம்கூட நிரம்பாத குழந்தைக்கு இதயம் மாற்றினார். சில மணி நேரம்தான் அந்தக் குழந்தை இருந்தது. அடுத்த வருடம் டெக்சஸில் டென்டன் கூலி, உலகத்தில் முதன்முறையாக ஒரு மனிதருக்கு இதயத்தையும் இரண்டு நுரையீரலையும் சேர்த்து மாற்றினார். அந்த முதல் நோயாளி சுமார் இரண்டு மாதக் குழந்தை. 14 மணி நேரம் உயிரோடு இருந்தது.

ஆக, இதயம்-நுரையீரல் மாற்றத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அதற்குப் பிறகு குழந்தைகள் பேச்சு இருபது வருடத்துக்கு ஏறக்குறைய அடங்கிப் போனது.

இங்கேதான் இரண்டாவது பூட்டு வருகிறது: அளவு. கல்லீரலை வெட்டி ஒரு துண்டு வைத்தால் அது வளர்ந்து நிரப்பிக்கொள்ளும். பெரியவரின் சிறுநீரகத்தைக் குழந்தையின் வயிற்றுக்குள் வைக்கவும் வழி இருக்கிறது. வயிறு கொஞ்சம் விரிந்து கொடுக்கும். நெஞ்சுக்கூடு எலும்பு. அது விரிந்து கொடுக்காது. பெரிய நுரையீரலைத் திணித்தால் அது மடங்கிச் சுருங்கிக் கிடக்கும், இதயத்தையும் அழுத்தும். ரொம்பச் சின்னதாக வைத்தால் மொத்த ரத்தமும் அந்தச் சின்ன இடத்துக்குள் பாய்ந்து வெள்ளக்காடாகிவிடும். அதனால் ஒரு குழந்தைக்கு நுரையீரல் வேண்டுமென்றால், ஏறக்குறைய அதே உயரமுள்ள இன்னொரு குழந்தை இறந்திருக்க வேண்டும். ரத்தப் பிரிவும் பொருந்த வேண்டும். இறந்த குழந்தையின் நுரையீரல் கெடாமலும் இருக்க வேண்டும். கொடையாகக் கிடைக்கிற உறுப்புகளில் சட்டென்று கெட்டுப்போவது நுரையீரல்தான். மூளை செயலிழக்கும்போதே அதற்குள் நீர் கோத்துக்கொள்ளும். வாந்தி உள்ளே போயிருக்கலாம். வெண்டிலேட்டரில் இருக்கும்போது நிமோனியா வந்திருக்கலாம். பெரியவர்கள் விஷயத்திலேயே உறுப்பு கொடுக்கிற ஐந்து பேரில் ஒருவரின் நுரையீரல் தேறினால் பெரிது என்கிறார்கள்.

இந்தப் பூட்டை வேறு வழியில் திறந்து பார்த்தவர் வான் ஸ்டார்ன்ஸ். வலது நுரையீரல் மூன்று மடல், இடது இரண்டு மடல். பெரியவரின் ஒரு மடல், குழந்தையின் முழு நுரையீரல் அளவுக்கு இருக்கும். 1990இல் ஸ்டான்ஃபோர்டில் 12 வயதுச் சிறுமிக்கு அவளுடைய தாயின் நுரையீரலிலிருந்து ஒரு மடலை எடுத்து வைத்தார். பிறகு அப்பாவிடமிருந்து ஒரு கீழ்மடல், அம்மாவிடமிருந்து ஒரு கீழ்மடல் என்று இரண்டு பக்கமும் வைக்கும் முறையாக அது வளர்ந்தது.

கேட்கும்போது எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பேர் மூன்று ஆபரேஷன் மேஜையில். அம்மா, அப்பா, பிள்ளை. வெளியே காத்திருக்கப் பாட்டியும் மற்ற பிள்ளைகளும். கொடுத்த மடல் பெற்றோருக்குத் திரும்ப வளராது. "வேண்டாம்" என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? சொல்ல முடியாத இடத்தில் வாங்குகிற கையெழுத்து எப்படிச் சம்மதம் ஆகும்? அமெரிக்காவில் இந்தக் கேள்விகள் பலமாக எழுந்தன. இறந்தவர்களின் நுரையீரலைப் பங்கிடும் முறை சீரானதும் அங்கே இது ஏறக்குறைய நின்றுபோனது.

ஜப்பானில் மட்டும் நிலைத்தது. அதற்குக் காரணம் சட்டம். ஜப்பானில் 1997இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம், இறந்தவர் தானே எழுதி வைத்த சம்மதத்தைக் கேட்டது. 15 வயதுக்குக் கீழே எழுதினால் செல்லாது. ஆகவே சின்னக் குழந்தையின் உறுப்பு அந்த நாட்டில் கிடைக்க வழியே இல்லை. 2010இல் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பெற்றோர் சம்மதம் போதும் என்றானது. அதுவரை ஜப்பானியப் பெற்றோர் ஊர் முழுக்க நிதி திரட்டிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அல்லது தங்கள் மடலைக் கொடுத்தார்கள்.

வரிசையில் யார் முதலில்?

அளவுப் பிரச்சினைக்கு இன்னொரு வழியும் வந்தது: இறந்த பெரியவரின் நுரையீரலையே வெட்டிச் சின்னதாக்கிக் குழந்தைக்கு வைப்பது. இது வந்ததும் நியாயம் பற்றிய ஒரு கேள்வியும் கூடவே வந்தது.

அமெரிக்காவில் 2005இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். யாருக்கு அவசரம், யார் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு வரிசை. ஆனால் அது 12 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு. அதற்குக் கீழே உள்ள குழந்தைகள் பெரியவர்களின் நுரையீரலுக்கு, அந்த வட்டாரத்தில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் பின்னால்தான் நிற்க முடிந்தது. குழந்தைகளுக்குத் தனி வரிசை இருந்தது. ஆனால் அந்த வரிசைக்கு உறுப்பு வருவதே அபூர்வம். 2013இல் பிலடெல்ஃபியாவில் சாகக் கிடந்த பத்து வயதுச் சிறுமியின் பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி அந்த விதியை நிறுத்தி வைத்தார். சிறுமிக்குப் பெரியவரின் நுரையீரல் கிடைத்தது, அது வேலை செய்யவில்லை, மூன்று நாளில் இரண்டாவது ஜோடி வைத்தார்கள், பிழைத்தாள்.

நல்ல முடிவுதானே என்று விட்டுவிட முடியவில்லை. அந்த நுரையீரல்கள் அவளுக்குப் போனதால் கிடைக்காமல் போன இன்னொருவர், பெயர் தெரியாதவர், எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார். டிவியில் முகம் வந்தவருக்கு ஒரு நியாயம், வராதவருக்கு ஒரு நியாயமா என்று மருத்துவர்களிலேயே பலர் கேட்டார்கள். 12 வயதுக் கோடு சரியில்லை என்று கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ரெண்டு பக்கமும் உண்மை இருக்கிற வழக்கு இது.

நம்ம பக்கத்துக் கதை

இந்தியாவில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது. சிறுநீரக வியாபாரத்தைத் தடுக்க வந்த சட்டம் என்றுதான் பொதுவாகப் பேசுவோம். அதில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. மூளைத்தண்டு இறப்பை இறப்பாக ஏற்றுக்கொண்டது. அதோடு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் அப்படி இறந்தால் பெற்றோரில் ஒருவர் சம்மதம் கொடுக்கலாம் என்றும் அப்போதே எழுதிவிட்டது. ஜப்பான் 2010இல் வந்து சேர்ந்த இடத்தில் நாம் 1994லேயே இருந்தோம். சட்டம் நம்மைத் தடுக்கவில்லை.

1999 மே மாதம் சென்னை முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இதயம்-நுரையீரல் மாற்றத்தைச் செய்தார். ஆனால் அறுவை தெரிந்த கைகள் இருந்தாலும் உறுப்பு கிடைக்க ஓர் ஏற்பாடு வேண்டுமே. தமிழ்நாடு அரசு 2008இல் வரிசையாக ஆணைகள் போட்டு, இறந்தவர் உறுப்பு தானத் திட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. டாக்டர் ஜே. அமலோற்பவநாதன் அதன் ஒருங்கிணைப்பாளர். பின்னாளில் அதுவே 'ட்ரான்ஸ்டான்' என்ற ஆணையமானது.

அந்த வருடம் செப்டம்பரில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலி. அவர்களுடைய 15 வயது மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போலீஸ் வழி ஒதுக்கிக் கொடுக்க, அவனுடைய இதயம் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டது ஒன்பது வயதுச் சிறுமி. பிற்பாடு 'சென்னையில் ஒரு நாள்' படம் வந்தபோது அந்தக் கார் ஓட்டத்தைத்தான் எல்லோரும் பேசினோம்.

எனக்கு இதில் படுகிற விஷயம் வேறு. அந்த 11 நிமிடத்துக்கு முன்னால், இரண்டு மருத்துவர்கள் பெற்றோராக உட்கார்ந்து முடிவெடுத்த நேரம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு மூளைச்சாவு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, ஆனால் பிள்ளை இல்லை என்பதை நம்புவதற்கு அவர்களிடம் படிப்பு இருந்தது. அப்படிப்பட்ட படிப்பு இல்லாத பெற்றோரிடம் அதை யார் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது?

அதற்குப் பிறகு சென்னை நாட்டின் நுரையீரல் மாற்று மையங்களில் முக்கியமானதாக வளர்ந்தது. 2020 ஆகஸ்டில் கொரோனாவால் இரண்டு நுரையீரலும் கெட்டுப்போன 48 வயதுக்காரருக்கு எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் மாற்று அறுவை நடந்தது. ஆசியாவில் அப்படி நடந்தது அதுவே முதல் என்று செய்தி வந்தது. 2018இல் இன்னொரு செய்தியும் வந்தது. தமிழ்நாட்டில் கிடைக்கிற இதயமும் நுரையீரலும் வெளிநாட்டு நோயாளிகளுக்கு அதிகம் போகிறதே, உள்ளூர் ஆட்கள் தாண்டப்படுகிறார்களா என்ற சர்ச்சை. விதிப்படி முதலில் மாநிலத்தார், பிறகு பிற மாநிலத்தார், யாருமே இல்லையென்றால்தான் வெளிநாட்டார். பொருத்தமான இந்திய நோயாளி பட்டியலில் இல்லாததால்தான் போனது, இல்லாவிட்டால் வீணாகியிருக்கும் என்பது மருத்துவமனைகள் தரப்பு. இந்தப் பதில் சரியென்றே வைத்துக்கொண்டாலும் அது இன்னொரு கேள்வியைக் கொண்டுவருகிறது. நம்ம ஆட்கள் ஏன் பட்டியலில் இல்லை? பல லட்சம் செலவு ஒரு காரணம். "மூச்சுத் திணறல்தானே, மருந்து குடித்தால் சரியாகும்" என்று கடைசி வரை தள்ளிப்போடுவது இன்னொன்று. குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் அதிகம்.

மாற்றிய பிறகு

புது நுரையீரல் வைத்தவுடன் எல்லாம் முடிந்ததாக நினைக்கக் கூடாது. நெய்வேலிக்காரர்களுக்கு இதை ஓர் உதாரணத்தோடு சொல்லலாம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. ராத்திரி பகலாக பம்பு வைத்து அதை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். நுரையீரலிலும் அப்படித்தான் எப்போதும் நீர் கசிகிறது. நிணநீர்க் குழாய்கள் அதை வடித்து வெளியேற்றுகின்றன. மாற்று அறுவையில் அந்தக் குழாய்கள் அறுபட்டுவிடும். மறுபடி தானே முளைத்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பம்பு இல்லாத சுரங்கம்தான் அது. அதனால்தான் முதல் சில நாள் ஒவ்வொரு மில்லி நீரையும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு எக்மோ இயந்திரம் உடம்புக்கு வெளியே நின்று மூச்சு வேலையைச் செய்கிறது.

பிறகு வீடு. ஆயுள் முழுக்க மருந்து, நேரம் தவறாமல். உடம்பின் எதிர்ப்பாற்றலை அடக்கி வைத்திருப்பதால் கிருமிகளுக்குக் கதவு திறந்திருக்கும். நம்ம நாட்டில் காசநோய் பயம் கூடுதல். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிர்த் தடுப்பூசிகளை அறுவைக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். பிறகு போட முடியாது. சின்னக் குழந்தைக்குக்கூட அம்மா பார்த்துப் பார்த்து மருந்து கொடுத்துவிடுவார். 14, 15 வயதில்தான் சிக்கல். "எனக்கு மட்டும் ஏன்?" என்று ஒரு நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டால், அதற்கு நுரையீரலைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு நோய் காத்திருக்கிறது. நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்வது. நம் நாட்டுக் குழந்தைகளில் சிலருக்குக் கடுமையான வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதே நோய் வருகிறது. அதுவே மாற்று அறுவை வரை கொண்டுபோகும் காரணங்களில் ஒன்று. மாற்றிய நுரையீரலை வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கொல்வதும் அதுவேதான். எந்த நோயிலிருந்து தப்பித்து வந்தோமோ அதே நோய், வேறு காரணத்தோடு. உலகக் கணக்கில், நுரையீரல் மாற்றிக்கொண்ட குழந்தைகளில் பாதிப் பேர் ஏறக்குறைய ஆறு வருடத்தைத் தாண்டுகிறார்கள். கல்லீரல், சிறுநீரகக் கணக்கோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் ஆறு வருடம் என்பது ஒரு குழந்தைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூட ஆண்டு விழா, தம்பி பிறந்தது, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது, எல்லாம் அதற்குள் வரும். சின்னக் கணக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மேலை நாடுகளில் பெரிய பிள்ளைகளுக்கு இந்த அறுவை தேவைப்பட முதல் காரணமாக இருந்தது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். 2019இல் அதற்கு ஒரு மூன்று மருந்துக் கூட்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பிறகு அந்த நோய்க்காக நுரையீரல் மாற்றுவது வேகமாகக் குறைந்துவிட்டது. அறுவையால் திறக்க முடியாத பூட்டை ஒரு மாத்திரை ஓரளவு திறந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும், எல்லா நோய்க்கும், எல்லா நாட்டுக்கும் அப்படி ஒரு மாத்திரை இன்னும் வரவில்லை.

நெய்வேலியிலிருந்து பார்த்தால்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்த நுரையீரல் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் ஓட ஆரம்பித்துவிட வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும், இது தாங்காது. நம்ம ஊரிலிருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். சாதாரண நாளில் காரில் நாலு மணி நேரத்துக்கு மேல். இரண்டு நுரையீரலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தைக்க வேண்டும். இரண்டாவது காத்திருக்க வேண்டும். வழி ஒதுக்கிக் கொடுத்தால் முடியக்கூடிய கணக்குதான்.

ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை சில இருக்கின்றன. விபத்திலோ, தண்ணீரில் விழுந்தோ, மூளைக்காய்ச்சலிலோ ஒரு குழந்தை எங்கோ ஒரு மாவட்டத்து ஐசியூவில் கிடக்கும். பிழைக்க வைக்க எல்லாம் செய்து முடியாமல் போயிருக்கும். அப்போது அந்த ஐசியூவில் யாராவது மூளைத்தண்டு பரிசோதனையைச் செய்ய வேண்டும். சட்டம் நான்கு மருத்துவர்களையும், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதனையையும் கேட்கிறது. சின்னக் குழந்தைக்கு இடைவெளி இன்னும் அதிகம் வைக்கச் சொல்கிறார்கள். அந்த நேரம் முழுக்க நுரையீரல் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: சளியை உறிஞ்சி எடுப்பது, வெண்டிலேட்டர் அழுத்தத்தைச் சரியாக வைப்பது, நீர் அதிகமாகாமல் பார்ப்பது. இதைச் செய்வது பெரும்பாலும் ராத்திரி டூட்டி நர்ஸ். பேர் வெளியே வராத ஒருவர்.

பிறகு யாராவது அந்தத் தாய் தகப்பனிடம் உட்கார்ந்து பேச வேண்டும். முதலில் பிள்ளை இறந்துவிட்டது என்பதை. அதை அவர்கள் ஏற்றுக்கொள்ள நேரம் கொடுத்த பிறகு, தனியாக, இன்னொரு பேச்சாக, உறுப்பு தானத்தை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், "உறுப்புக்காகத்தான் இறந்துவிட்டது என்கிறார்களோ" என்று எந்தப் பெற்றோருக்கும் தோன்றும். தோன்றுவதில் தப்பும் இல்லை. அவர்கள் "வேண்டாம்" என்று சொன்னால் அதையும் மரியாதையோடு ஏற்றுக்கொண்டு, பிள்ளையை வீட்டுக்கு எடுத்துப்போக உதவ வேண்டும். அப்படி நடந்துகொள்ளும் ஆஸ்பத்திரியைத்தான் ஊர் நம்பும். அந்த நம்பிக்கையிலிருந்துதான் அடுத்த "சரி" வரும்.

2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2024இல் தமிழ்நாட்டில் 268 பேரின் குடும்பங்கள் உறுப்புகளைக் கொடுத்தன. கலெக்டர் வந்து மாலை வைக்கிற படங்களை மாவட்டச் செய்திகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாலை பெரிய விஷயம்தான். ஆனால் அதற்கு முந்தைய இரவில் நடந்த பேச்சு அதைவிடப் பெரிது.

மூன்றாவது பூட்டின் சாவி எங்கே என்று ஆரம்பத்தில் கேட்டேன். விழுப்புரம், கடலூர், பெரம்பலூர், அரியலூர் மாதிரியான மாவட்டங்களின் ஐசியூக்களில். இறந்த பிள்ளையின் பெற்றோர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரத் தெரிந்த ஒருவரிடம். தெரிந்தவர் கேட்ட கேள்விக்கு, "முடியும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு மூச்சு வர வேண்டுமென்றால், நம்ம மாதிரி ஊரில் யாரோ ஒருவர் கேட்க வேண்டும், யாரோ ஒருவர் கொடுக்க வேண்டும்" என்றுதான் பதில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கேக்குறவங்களுக்கு யாராவது சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்று கேட்டார். உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர்களுக்கு இதற்கென்றே பயிற்சி உண்டு. ராத்திரி டூட்டியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அது போய்ச் சேர வேண்டும்.